தாண்டிக்குடிப் பக்கம் டென்ட் போட்டு ஒரு ஹேக்கர் முகாம் நடத்த முடியுமா?

வைகைக்கரை:

வணக்கம். மதுரை, திண்டுக்கல், தேனி மூன்று ஊரிலும் சேர்த்து எங்களுடையது ஒரு சின்னக் கூட்டம். கட்டற்ற மென்பொருள் ஆட்கள் பாதி, சால்டரிங் அயர்ன் பிடிக்கத் தெரிந்த கல்லூரிப் பிள்ளைகள் பாதி. ஏதாவது ஒரு கல்லூரி ஹாலில் கூடுவோம், நாலு பேர் பேசுவார்கள், மற்றவர்கள் கேட்பார்கள், டீ குடித்துவிட்டுக் கலைந்துவிடுவோம். இதற்கு மேல் ஒன்று செய்ய வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை.

ஐரோப்பாவில் ஹேக்கர்கள், அதாவது கணினியையும் கருவிகளையும் நோண்டிப் பார்த்துக் கற்கிறவர்கள், திறந்தவெளியில் டென்ட் அடித்து நாலைந்து நாள் தங்கி நடத்தும் முகாம்களைப் பற்றி இங்கே பலருக்குத் தெரிந்திருக்கும். நெதர்லாந்தில் 1993இல் ஃபிளெவோலண்டில் தொடங்கியது, இன்றுவரை ஏறக்குறைய நாலு வருடத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு தடவையும் வேறு பெயரில் நடக்கிறது. ஜெர்மனியில் கேயாஸ் கம்ப்யூட்டர் கிளப் என்ற ஹேக்கர் சங்கம் 1999இலிருந்து நடத்துகிறது. இங்கிலாந்தில் 2012இல் எலெக்ட்ரோமேக்னடிக் ஃபீல்ட் என்ற முகாம் வந்தது, டென்மார்க்கில் 2016இலிருந்து வருடாவருடம் பார்ன்ஹேக். வயல்வெளிக்கு நடுவே மின்சாரம், இணையம், தொலைபேசி எல்லாவற்றையும் வந்தவர்களே போட்டு, முடிந்ததும் அவர்களே பிரித்து எடுத்துக்கொண்டு போகிறார்கள். எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது. பேச்சுகளை வீட்டிலிருந்தே வீடியோவில் பார்த்துவிடலாம், ஒரு ஊரையே ஐந்து நாளுக்குக் கட்டி இறக்குவதை அப்படிக் கற்றுக்கொள்ள முடியாது.

இப்போது இடம் ஒன்று கிடைத்திருக்கிறது. கூட்டத்தில் ஒருவருடைய பெரியப்பாவுக்குக் கொடைக்கானல் கீழ்மலையில் தாண்டிக்குடிக்குக் கீழே காபித் தோட்டம், பட்டா நிலம். காபி காயவைக்கிற சிமெண்ட் களம் பெரிதாக இருக்கிறது, பக்கத்தில் ஒரு பழைய குடோன், ஆறு அறையுள்ள ஒரு வீடு. சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே கொஞ்சம் சமதரை. அறுபது பேர், மூன்று இரவு என்று யோசிக்கிறோம். மேலே கொடைக்கானலுக்குப் போகவே வேண்டாம், வத்தலக்குண்டு வழியாக ஏறி அங்கேயே இறங்கிவிடலாம்.

கேள்விகள் இவைதான். மின்சாரத்துக்கு என்ன செய்வது? இணையத்தை எப்படிப் பிரிப்பது? எந்த மாதம் சரி? யாரிடமெல்லாம் அனுமதி வாங்க வேண்டும்? யானை வரும் என்கிறார்கள், நிஜமாகவே பயப்பட வேண்டியதா? மலையில் எதையாவது நடத்திய அனுபவம் இருப்பவர்கள் விரிவாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

கம்பிச்சுருள்:

பெர்லினில் வேலை பார்த்தபோது 2023 கேயாஸ் முகாமுக்குப் போயிருந்தேன். மில்டன்பெர்க் என்ற ஊரில் ஒரு பழைய செங்கல் சூளை வளாகம், ஏரிக்கரை, குறுகிய ரயில்பாதை ஒன்று இன்னும் ஓடுகிறது. சில ஆயிரம் பேர் டென்ட் அடித்துத் தங்கினார்கள். அங்கே பார்த்ததில் உங்களுக்குப் பயன்படுவதை மட்டும் சொல்கிறேன்.

முதல் விஷயம், அங்கே வேலைக்கு ஆள் வைப்பது என்பதே அநேகமாக இல்லை. கேபிள் இழுப்பது, வாசலில் நிற்பது, பாத்திரம் கழுவுவது, மேடையில் மைக் பார்ப்பது எல்லாம் டிக்கெட் வாங்கி வந்தவர்கள்தான். அந்தத் தொண்டர்களை ‘ஏஞ்சல்’ என்பார்கள், வேலை பிரித்துக் கொடுக்கும் கூடாரத்துக்கு ‘ஹெவன்’ என்று பெயர். நான் போய் இறங்கிய அன்றே எனக்கு ஒரு மண்வெட்டி கொடுத்தார்கள். கேபிள் புதைக்கும் வேலை. பக்கத்தில் வெட்டிக்கொண்டிருந்தவர் பெரிய நெட்வொர்க் பொறியாளர் என்பது சாயங்காலம்தான் தெரிந்தது. உங்கள் முகாமிலும் இதை முதல் நாளே பழக்கிவிட்டால் மற்றது தானாக நடக்கும். பேச்சாளர், பார்வையாளர் என்று பிரித்து அழைப்பிதழ் அடித்தீர்கள் என்றால் கல்லூரி ஹால் கூட்டத்தையே மலைக்கு ஏற்றியதாகிவிடும்.

நெட்வொர்க். அங்கே பிளாஸ்டிக் கழிப்பறைக் கூண்டுகளை வாடகைக்கு எடுத்து, உள்ளே நெட்வொர்க் கம்பிகளைச் சேர்க்கிற ஸ்விட்ச் பெட்டியை வைத்துப் பூட்டி, மைதானம் முழுக்க நிறுத்திவிடுவார்கள். டேட்டன்க்ளோ, அதாவது டேட்டா கழிப்பறை என்று பெயர். மழை உள்ளே போகாது, பூட்டு இருக்கிறது, தூக்கி வைப்பது சுலபம். ஒவ்வொன்றுக்கும் ஃபைபரும் மின்சாரமும் வரும், அங்கிருந்து அவரவர் டென்டுக்கு ஈதர்நெட் கம்பி இழுத்துக்கொள்ள வேண்டும், நீளமான கம்பி கொண்டு வாருங்கள் என்று முன்பே சொல்லிவிடுவார்கள். அறுபது பேருக்கு அவ்வளவு தேவையில்லை. நம் ஊரில் தண்ணீர் பிடிக்கிற நீல டிரம் இருக்கிறதே, அதைக் கவிழ்த்து, அடியில் இரண்டு செங்கல் கொடுத்து, உள்ளே ஒரு பலகையில் ஸ்விட்சைத் திருகி வைத்தால் போதும். கம்பிகள் கீழிருந்து மேலே ஏறி நுழைய வேண்டும், இல்லாவிட்டால் மழைத்தண்ணீர் கம்பி வழியே உள்ளே வழியும். அப்படி மூன்று டிரம் போதும்.

வெளி இணைப்பைப் பற்றி ரொம்பக் கவலைப்பட வேண்டாம். 100 எம்பிபிஎஸ் கிடைத்தாலும் அறுபது பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு இரண்டுகூட வராது. அதனால் மலை ஏறும்போதே ஒரு சர்வரைக் கொண்டு போங்கள். 2 டிபி டிஸ்க்கில் டெபியன் மிரர் (டெபியன் லினக்ஸ் மென்பொருள்களின் நகல்), பைத்தான் தொகுப்புகள், இணையம் இல்லாமல் படிக்க உதவும் கிவிக்ஸில் தமிழ் விக்கிப்பீடியா முழுவதும், மின்னணுப் பாகங்களுக்குத் தேவையான டேட்டாஷீட்டுகள். முகாமுக்குள்ளேயே இருப்பதால் ஜிகாபிட் வேகத்தில் வரும். வெளி இணையம் ஒரு நாள் அறுந்தாலும் வேலை நிற்காது. உள்ளேயே பெயரைச் சொன்னால் முகவரி தேடித்தருகிற ஒரு டிஎன்எஸ், ஒரு அரட்டை சர்வர், ஒரு சின்ன வானொலி ஸ்ட்ரீம் என்று பிள்ளைகளையே நிறுவச் சொல்லுங்கள். முகாமில் செய்ய வேண்டிய பாடமே அதுதான்.

மின்சாரம். லேப்டாப் ஒன்றுக்கு 60 வாட் வைத்தால் அறுபதுக்கு 3.6 கிலோவாட், எல்லாம் ஒரே நேரத்தில் அந்த அளவை இழுக்காது. விளக்கு, ஸ்விட்ச், புரொஜெக்டர், நாலைந்து சால்டரிங் ஸ்டேஷன் சேர்த்து 5 கிலோவாட்டுக்குள் அடங்கும். 10 கேவிஏ சைலண்ட் ஜென்செட் (சத்தம் குறைந்த ஜெனரேட்டர்) ஒன்று போதும். ஆனால் கெட்டிலும் இண்டக்‌ஷன் அடுப்பும் டென்டுக்குள் வரவே கூடாது, அவற்றில் மூன்று சேர்ந்தால் இந்தக் கணக்கு முழுதும் போய்விடும். தூரத்தையும் பாருங்கள். 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் 100 மீட்டர் தள்ளி 10 ஆம்பியர் இழுத்தால் போகவர சேர்த்து 15 வோல்ட் அளவுக்கு விழும். 6 சதுர மில்லிமீட்டர் போட்டால் 6 வோல்ட்தான். பிரதானக் கம்பியில் கஞ்சத்தனம் வேண்டாம். ஒவ்வொரு கிளைக்கும் அளவுக்கு மேல் இழுத்தால் அணைக்கிற தனி எம்சிபி, மின்சாரம் கசிந்தால் அணைக்கிற 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, ஒழுங்கான எர்த். ஈரப் புல்லில் வெறுங்காலோடு நடக்கிற இடம், இதில் பேரம் கிடையாது. உரிமம் உள்ள எலெக்ட்ரீஷியன் ஒருவர் வந்து பார்த்துச் சொன்ன பிறகுதான் ஸ்விட்சைப் போட வேண்டும்.

ரீபூட்:

கேட்கிறேன் என்று தப்பாக நினைக்க வேண்டாம். இவ்வளவு சிரமப்பட்டு டிரம்மும் ஜெனரேட்டரும் ஏற்றுவதற்குப் பதில், மதுரையிலேயே ஒரு கல்லூரி ஹாஸ்டலை விடுமுறையில் வாங்கி நடத்தினால் இருநூறு பேர் வரலாமே. செலவும் பாதிதான் ஆகும்.

மலைவாழை:

ரீபூட் சொல்வது செலவுக் கணக்கில் சரிதான். ஆனால் ஹாஸ்டலில் ஸ்விட்சைப் போட்டால் லைட் எரியும், அது எங்கிருந்து வருகிறது என்று ஒருவரும் கேட்கப்போவதில்லை. இந்தத் தம்பிமார் தேடுவது அது இல்லை என்று நினைக்கிறேன்.

நான் பண்ணைக்காட்டுக்காரன். கொஞ்சம் காபி, கொஞ்சம் மிளகு, மலைவாழை. அதோடு இந்தப் பக்கம் கேபிளும் ஃபைபரும் இழுக்கிற வேலை. தம்பி வைகைக்கரை, களத்தில் நடத்தலாம் என்பது நல்ல யோசனை, ஆனால் மாதம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும்.

அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை மறந்துவிடுங்கள். கீழ்மலைக்குப் பெரிய மழை வடகிழக்குப் பருவத்தில்தான். 2018 நவம்பரில் கஜா புயல் இந்த மலை வழியாகப் போனபோது மரம் விழாத தோட்டம் இல்லை, ரோடும் கரண்டும் இல்லாமல் கிடந்தோம். நவம்பரில் பழம் எடுக்க ஆரம்பித்தால் ஜனவரி கடைசி வரை களம் முழுக்கக் காபி காயும், ஓர் அடி இடம் தரமாட்டார் பெரியப்பா, கேட்கவும் கூடாது. ஏப்ரல், மே மாதங்களில் மத்தியானம் தாண்டினால் இடிமழை, சீசன் கூட்டம் வேறு. ஜூன், ஜூலையில் பலா பழுத்திருக்கும். பலா வாசனைக்கு யானை எங்கிருந்தாலும் வரும். ஆகவே பிப்ரவரி இரண்டாம் பாதி. களம் காலியாகியிருக்கும், மழை அநேகமாக இருக்காது, ராத்திரி குளிரும் மேல்மலையில் மன்னவனூர், பூம்பாறை அளவுக்கு வாட்டாது. ஆனால் பனி இறங்கும். விடிகாலையில் டென்ட் துணி சொட்டச் சொட்ட நனைந்திருக்கும், லேப்டாப்பையும் போர்டுகளையும் மூடிபோட்ட டப்பாவில் வைத்துவிட்டுத்தான் படுக்க வேண்டும்.

பிப்ரவரியில் இருக்கிற பெரிய ஆபத்து தீ. புல் காய்ந்திருக்கும், சருகு முழங்கால் வரை கிடக்கும். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் என்ன நடந்தது என்று தேனிக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கேம்ப்ஃபயர் என்ற பேச்சே வேண்டாம். சமையல் குடோனுக்குள், புகைபிடிப்பவர்களுக்குச் சிமெண்ட் களத்தில் மணல்வாளியோடு ஓர் இடம், ஜென்செட்டைச் சுற்றிச் சருகைக் கூட்டி வெறும் மண்ணாக விட வேண்டும், டீசல் கேனைத் தள்ளி வைக்க வேண்டும்.

யானை விஷயம். பயப்பட வேண்டியதுதான். எல்லாத் தோட்டத்துக்கும் வராது, ஆனால் எந்தத் தோட்டத்துக்கு வரும், எந்த ஓடை வழியாக இறங்கும் என்பது அங்கே லயத்தில் குடியிருக்கிற வேலையாட்களுக்குத் தெரியும். பெரியப்பாவிடம் கேட்பதைவிட அவர்களிடம் கேளுங்கள். கூகுள் மேப்பில் சமதரையாகத் தெரியும் இடம் அதன் பாதையாக இருக்கும். டென்டுக்குள் அரிசி, வாழைப்பழம், உப்புச்சேர்த்த தின்பண்டம் எதுவும் வைக்கக்கூடாது. காட்டுமாடு ராத்திரியில் சாதாரணமாக வந்து நிற்கும், டார்ச் அடித்துக்கொண்டு பக்கத்தில் போய் போட்டோ எடுக்க நினைக்கிற ஆள் முகாமுக்கே வர வேண்டாம். ராத்திரி பத்துக்கு மேல் ஸ்பீக்கர் கிடையாது, அது சட்டம், இங்கே அதற்குச் சட்டமே தேவையில்லை, சத்தம் எதிர்மலை வரை கேட்கும்.

அறுபது பேருக்கும் டென்ட் வேண்டுமா என்று யோசியுங்கள். களத்தின் மேலேயே, சுவருக்கு உள்ளே, பதினைந்து இருபது டென்ட். மற்றவர்கள் வீட்டிலும் குடோனிலும் படுக்கட்டும். மர நடுவே ஆசைப்பட்டு அடிக்க வேண்டாம், அட்டையும் உண்டு, காய்ந்த சில்வர் ஓக் கிளை முறிந்து விழுவதும் உண்டு.

அனுமதிக்கு, ஊராட்சித் தலைவரை நேரில் பார்த்துச் சொல்லிவிட்டு எழுத்தில் ஒரு கடிதம், காவல் நிலையத்துக்கு ஒன்று, தோட்டம் காட்டை ஒட்டி இருந்தால் ரேஞ்சர் அலுவலகத்துக்கு ஒன்று. தங்குவதற்குப் பணம் வசூலித்தால் அது டென்ட் வியாபாரமாகிவிடும். அனுமதி இல்லாமல் டென்ட் வாடகைக்கு விடுகிறவர்கள் மேல் இந்த மலையில் நடவடிக்கை எடுப்பார்கள். உங்களுடையது நண்பர்கள் செலவைப் பகிர்ந்துகொள்கிற கூட்டம் என்பதைத் தெளிவாக எழுதிக் கோட்டாட்சியர் அலுவலகத்திலும் கேட்டுக்கொள்ளுங்கள். வெளிநாட்டு நண்பர் யாராவது தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அதிகாரிகளுக்கு அதைப் படிவத்தில் தெரிவிக்க வேண்டும். ஒருநாள் கொடைக்கானல் போய்வரலாம் என்று திட்டமிருந்தால் 2024 மே மாதத்திலிருந்து சொந்த வண்டிக்கு இ-பாஸ் வேண்டும், அரசுப் பஸ்ஸில் போனால் வேண்டாம். பஸ்ஸில் போவதே நல்லது.

கடைசியாக ஃபைபர். ஊருக்குள் வருகிறது, தோட்டத்துக்குக் கடைசி எண்ணூறு மீட்டர், ஒரு கிலோமீட்டர் இழுக்க வேண்டியிருக்கும். மரத்தில் கட்டித்தான் இழுப்போம். சாதாரண டிராப் கேபிளில் தாங்குவதற்கு ஓர் இரும்புக் கம்பி ஓடும், இடி விழுந்தால் அது வழியாக வீடு வரை வரும். இரும்புக்குப் பதில் எஃப்ஆர்பி (கண்ணாடி இழை சேர்ந்த, மின்சாரம் கடத்தாத பிளாஸ்டிக்) போட்ட வகை இருக்கிறது, அதைக் கேட்டு வாங்குங்கள். குரங்கு கடிக்கும் என்பதால் பத்து மீட்டர் உபரியும் அறுந்த ஃபைபரை ஒட்டுகிற ஸ்ப்ளைஸிங் மெஷினும் கையில் இருக்கட்டும். மெஷின் என்னிடம் இருக்கிறது.

நீலமலைரேடியோ:

கோத்தகிரியிலிருந்து எழுதுகிறேன், ஹாம் (அமெச்சூர் ரேடியோ) உரிமம் உண்டு. எஃப்ஆர்பி பற்றி மலைவாழை அண்ணன் சொன்னதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஊட்டியில் கிரேப்ஸ்-3 என்று ஒரு காஸ்மிக் கதிர் ஆய்வுக்கூடம் இருக்கிறது. 2014 டிசம்பர் 1 அன்று மேலே கடந்துபோன ஓர் இடிமேகத்தை காஸ்மிக் கதிர்களால் உண்டாகும் மியுவான் துகள்களின் எண்ணிக்கை குறைந்ததை வைத்து அளந்தார்கள், மேகத்துக்குள் 130 கோடி வோல்ட் அளவுக்கு மின்னழுத்தம் இருந்ததாகக் கணக்கு வந்தது. டிசம்பர் மாதத்திலேயே அப்படி. அதனால் டிரம்முக்கும் டிரம்முக்கும் நடுவே செம்புக் கம்பி வேண்டாம், ஃபைபர் மட்டும். முதல் இடி கேட்டதும் ஆண்டெனாவை இறக்கிவிட்டு எல்லோரும் வீட்டுக்குள்ளோ குடோனுக்குள்ளோ போய்விட வேண்டும், டென்ட் இடியிலிருந்து காப்பாற்றாது. இதற்கு ஒருவரைப் பொறுப்பாகப் போடுங்கள், அவர் சொன்னால் மேடையில் பேசுபவரும் நிறுத்திவிட்டு எழ வேண்டும்.

ரேடியோ சம்பந்தமாக. ஐரோப்பிய முகாம்களில் சொந்தமாக ஜிஎஸ்எம் செல்போன் நெட்வொர்க் ஓட்டுவதைப் பார்த்துவிட்டு ஆசை வரும். 2009இல் நெதர்லாந்து முகாமில் ஓபன்பிஎஸ்சி என்ற கட்டற்ற மென்பொருளை வைத்து ஓட்டியபோது அவர்கள் அரசிடம் சோதனை உரிமம் வாங்கித்தான் ஓட்டினார்கள். இங்கே உரிமம் இல்லாமல் அதைத் தொடவே கூடாது. ஒரு செல்போன் கோபுரத்தையே நம்பி இருக்கிற மலைக்கிராமம், அங்கே யாருக்காவது 108ஐ அழைக்க முடியாமல் போனால் அது நம் தலையில்தான் விழும். ஜாமர், போலி வைஃபை, அடுத்தவர் வைஃபை இணைப்பைத் துண்டிக்கிற டீஆத் தாக்குதல் போன்றவற்றையும் திறந்த வெளியில் விளையாட வேண்டாம். தாக்கிப் பழக வேண்டுமென்றால் நீங்களே கொண்டுபோன நாலு பழைய ரவுட்டரைத் தனி ஸ்விட்சில் வைத்து, வெளியே இணைக்காமல், அதில் எதை வேண்டுமானாலும் உடைக்கட்டும். உரிமையாளர் சம்மதம் இல்லாமல் அடுத்தவர் கணினியில் நுழைந்தால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43, 66 பிரிவுகள் முகாமுக்கு உள்ளேயும் பொருந்தும்.

செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபைக்கு உரிமம் வேண்டாம். குறைந்த மின்சாரத்தில் வெகுதூரம் போகிற லோரா ரேடியோவுக்கு நம் நாட்டில் 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ். ஆன்லைனில் வாங்கும்போது 915 என்று போட்ட அமெரிக்க போர்டு வந்துவிடும், பார்த்து வாங்குங்கள். லோராவில் குறுஞ்செய்தி அனுப்புகிற மெஷ்டாஸ்டிக் மென்பொருள் போட்ட பத்து முனைகள் இருந்தால் தோட்டம் முழுக்கக் குறுஞ்செய்தி ஓடும், செல்போன் சிக்னல் இல்லாத பள்ளத்தில் யானை பற்றிய எச்சரிக்கைக்கே அதைப் பயன்படுத்தலாம். முகாம் முடிந்த பிறகு இரண்டு முனைகளை அந்த லயத்துக்கே விட்டுவிட்டு வரலாம். கேட்பதற்கு மட்டும் என்றால் கணினியில் செருகுகிற ரேடியோ ரிசீவரான ஒரு ஆர்டிஎல் டாங்கிளும் கம்பியில் செய்த ஆண்டெனாவும் போதும். நோவா வானிலைச் செயற்கைக்கோள்கள் 2025இல் நின்றுபோய்விட்டன, ஆனால் ரஷ்யாவின் மீட்டியார்-எம் 137 மெகாஹெர்ட்ஸில் படம் அனுப்பிக்கொண்டிருக்கிறது. நகரத்து இரைச்சல் இல்லாத மலைச்சரிவில் அதைப் பிடித்துப் பாருங்கள்.

அப்புறம் ஒரு யோசனை, பேச்சுக்கான தலைப்பாக. எங்கள் மலையில் முத்தொரையில் இருக்கிற ஊட்டி ரேடியோ தொலைநோக்கியைப் பற்றி ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம், 1970இல் செயல்படத் தொடங்கியது, வடிவமைப்பு கோவிந்த் ஸ்வரூப். ஊட்டியின் அட்சரேகை ஏறக்குறைய 11 டிகிரி. அதே 11 டிகிரியில் வடக்கு தெற்காகச் சரிகிற ஒரு மலையைத் தேடிக் கண்டுபிடித்து அதன் மேல் கட்டினார்கள். அதனால் தொலைநோக்கியின் நீள அச்சு பூமியின் சுழல் அச்சுக்கு இணையாக அமைந்துவிட்டது, ஒரே அச்சில் திருப்பினாலே ஒரு வான்பொருளை ஒன்பது மணி நேரத்துக்கு மேல் தொடரலாம். இவ்வளவு பெரிய கருவியை இரண்டு அச்சில் திருப்பப் பணமும் இயந்திரமும் இல்லாத காலத்தில் மலையையே பாதி இயந்திரமாக ஆக்கிவிட்டார்கள். பிரதிபலிப்புப் பரப்புக்குத் தகடு போடவில்லை, 1100 துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகள், ஒவ்வொன்றும் 530 மீட்டர். கல்லூரிப் பிள்ளைகள் இதைக் கேட்க வேண்டும். அந்தத் தொலைநோக்கி 326.5 மெகாஹெர்ட்ஸில் கேட்கிறது, மலிவான எல்இடி டிரைவரும் சார்ஜரும் கக்குகிற இரைச்சல் அதற்குத் தொல்லை. ஆகவே முகாமை நீலகிரியில் வைக்கலாமா என்று யாராவது கேட்டால் முத்தொரைப் பக்கம் மட்டும் வேண்டாம் என்பேன். நீங்கள் பழனி மலையைத் தேர்ந்தெடுத்தது சரி.

லாஜிக்கேட்:

இதுவரை யாரும் கழிப்பறை பற்றிப் பேசவில்லை. அறுபது பேருக்கு ஆறு அறை வீட்டில் இருக்கிற இரண்டோ மூன்றோ போதாது. நாலு நடமாடும் கழிப்பறையாவது வாடகைக்கு எடுத்து ஏற்றுங்கள், அதில் இரண்டைப் பெண்களுக்கு மட்டும் என்று ஒதுக்கி, வெளிச்சமான இடத்தில், உள்ளே தாழ்ப்பாளும் விளக்கும் தண்ணீரும் மூடியுள்ள குப்பைக் கூடையும் இருக்கும்படி வையுங்கள். குழி தோண்டிச் சமாளிக்கலாம் என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள், கீழே ஓடைத் தண்ணீரை எடுக்கிற வீடுகள் இருக்கின்றன. நம் கூட்டங்களுக்குப் பெண்கள் வருவதில்லை என்று ஒவ்வொரு முறையும் வருத்தப்படுகிறோம். இரவு தங்கும் நிகழ்ச்சிக்கு ஒரு பெண் தன் வீட்டில் அனுமதி கேட்கும்போது அம்மா கேட்கிற முதல் கேள்வி இதுதான், எங்கே படுப்பாய், பாத்ரூம் எங்கே. அறிவிப்பிலேயே அதற்குப் பதில் இருக்க வேண்டும். வீட்டில் மூன்று அறை பெண்களுக்கு, அமைப்புக் குழுவில் குறைந்தது இரண்டு பெண்கள், ஏதாவது நடந்தால் யாரிடம் சொல்வது என்று பெயரும் எண்ணும்.

இன்னொன்று குப்பை. பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் மலையில் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும், நான் சொல்வது மின்னணுக் குப்பை. கொடைக்கானலில் 2001இல் மூடிய தெர்மாமீட்டர் தொழிற்சாலையின் பாதரசத்தை இன்றும் அந்த ஊர் பேசிக்கொண்டிருக்கிறது. சால்டர் துளி, வெட்டிப்போட்ட கம்பிக்கால், வீங்கிய லித்தியம் பேட்டரி எதுவும் காபிச் செடிக்கடியில் விழக்கூடாது. ஈயம் கலக்காத சால்டர் மட்டும், வேலைமேசை எல்லாம் குடோனுக்குள் மட்டும், மேசைக்கு ஒரு டப்பா. பேட்டரியை மணல்வாளியில் போட்டு மதுரைக்கே திரும்பக் கொண்டு வாருங்கள். களம் தோட்டக்காரர்களின் பிழைப்புக்கான இடம், அடுத்த வருடம் அதே சிமெண்டில்தான் காபி காயும்.

ரீபூட், இருநூறு பேர் பற்றி. நான் அறுபதிலேயே இருபது குறைத்து நாற்பது என்பேன். அந்த இருபது இடத்தையும் தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பகல்நேரத்தில் கொடுங்கள். ஐரோப்பிய முகாம்களில் எல்லோருக்கும் ஒரு மின்னணு பேட்ஜ் தருவார்கள், கேயாஸ் முகாமில் 2011இல் ‘ராக்கெட்’ என்ற பேட்ஜ், 2015இல் மென்பொருள் வானொலியாகவே வேலை செய்த ‘ரேடியோ’, 2019இல் கையில் கட்டுகிற கார்ட்10. நாம் அவ்வளவு போக வேண்டாம். ஒரு ஈஎஸ்பி32 சில்லு, ஒரு வெப்ப ஈரப்பத சென்சார், ஒரு சின்னத் திரை. பிள்ளைகள் தாங்களே சால்டர் செய்து வீட்டுக்கு எடுத்துப் போகட்டும், காபி காயவைக்கிற வீட்டில் ஈரப்பதம் காட்டுகிற கருவி சும்மா கிடக்காது. கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் 1904 முதல் எடுத்த சூரியப் படங்களை டிஜிட்டல் ஆக்கி இணையத்தில் வைத்திருக்கிறார்கள். அதை முன்கூட்டியே இறக்கி அந்த உள்சர்வரில் போட்டுவிட்டால், சூரியப் புள்ளிகளை எண்ணுகிற நிரல் எழுதுவதை ஒரு பகல் முழுக்க வைத்துக்கொள்ளலாம். வானியலாளர் எவர்ஷெட் 1909இல் சூரியப் புள்ளியில் வாயு ஓடுவதைக் கண்டுபிடித்தது அந்த மலையில்தான். தங்கள் தலைக்கு மேலே உள்ள ஊரில் எடுத்த படம் என்றால் பிள்ளைகள் வேறு மாதிரி பார்ப்பார்கள்.

வைகைக்கரை:

எல்லோருக்கும் நன்றி. நேற்று குழுவில் உட்கார்ந்து பேசினோம். பிப்ரவரி இரண்டாம் பாதி என்று முடிவு. நாற்பது பேர் தங்குகிறார்கள், பகலில் இருபது பள்ளிப் பிள்ளைகள். டென்ட் களத்தின் மேல் மட்டும். கேம்ப்ஃபயர் கேட்ட இரண்டு பேருக்கு மலைவாழை அண்ணன் எழுதியதை அப்படியே வாசித்துக் காட்டினோம், ஒத்துக்கொண்டார்கள். அமைப்புக் குழுவில் இப்போது மூன்று பெண்கள், அவர்களில் ஒருவர்தான் மின்சாரம் முழுவதையும் எடுத்துக்கொண்டிருக்கிறார், ஒரு எலெக்ட்ரிக்கல் பொறியாளர். கம்பிக் கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்த்துவிட்டு 6 சதுர மில்லிமீட்டரே போதும் என்று சொல்லிவிட்டார்.

ரீபூட்டும் வருகிறார். தனிச்செய்தியில் கேட்டார், மண்வெட்டி வேலை கொடுத்தால் வருகிறேன் என்று.

தீராத கேள்வி ஒன்று இருக்கிறது. களத்துக்கும் குடோனுக்கும் நடுவே ஒரு வண்டிப்பாதை போகிறது, லயத்து ஆட்கள் காலையில் அது வழியாகத்தான் வேலைக்குப் போகிறார்கள். மின்கம்பியையும் ஃபைபரையும் அதன் குறுக்கே எப்படிக் கொண்டுபோவது? மேலே கட்டினால் பிக்கப் வண்டி உரசும், கீழே போட்டால் மிதிபடும். கான்கிரீட் பாதை, வெட்ட முடியாது.

மலைவாழை:

வெட்ட வேண்டாம் தம்பி. மழைத்தண்ணீர் போகப் பாதைக்கு அடியில் குறுக்கே குழாய் பதித்திருப்பார்கள், எல்லாத் தோட்டத்திலும் உண்டு, மண் அடைத்துப் போயிருக்கும். அதைக் குத்திச் சுத்தம் பண்ணி, இரண்டு தனி எச்டிபிஇ பிளாஸ்டிக் குழாயை உள்ளே விட்டு, ஒன்றில் மின்கம்பி, இன்னொன்றில் ஃபைபர். இரண்டையும் ஒரே குழாயில் போடாதீர்கள். மின்கம்பி குழாய்க்குள் இருக்கிற இடத்தில் ஜாயிண்ட் எதுவும் இருக்கக்கூடாது, முழுத் துண்டாக இழுக்க வேண்டும். பெரியப்பாவிடம் சொல்லிக் குழாயின் விட்டத்தை அளந்து, இரண்டு பக்கமும் போட்டோ எடுத்து அனுப்புங்கள். வர்ற ஞாயிற்றுக்கிழமை அந்தப் பக்கம் ஒரு கனெக்‌ஷன் வேலை இருக்கிறது, நானும் இறங்கிப் பார்த்துவிட்டு வருகிறேன்.